செகண்ட் ஹேண்ட் கார்: ஆர்சி-யில் வெள்ளை, கண்ணெதிரே சிவப்பு - வாங்கலாமா, விட்டுவிடலாமா?

பெங்களூருவில் வேலை. இரண்டு வருடமாகச் சேர்த்த பணம் கையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பழைய காரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வண்டி பளபளவென்று சிவப்பாக நிற்கிறது. ஓட்டிப் பார்த்தால் இன்ஜின் சத்தமே இல்லை. விலையும் சந்தை விலையைவிட முப்பது, நாற்பதாயிரம் குறைவு. டோக்கன் அட்வான்ஸ் அனுப்ப போனை எடுக்கும்போது, ஆர்சி-யை ஒருமுறை பார்க்கிறீர்கள். நிறம் என்ற இடத்தில் 'வெள்ளை' என்று இருக்கிறது.

கேட்டால், "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார், பெயிண்ட் மட்டும்தான் மாத்தியிருக்கோம். பேப்பர் எல்லாம் பக்கா" என்று பதில் வருகிறது.

அது உண்மையாகவும் இருக்கலாம். அந்த ஒரு வரி மூன்று வருடம் கழித்து உங்களைக் காவல் நிலையத்தில் உட்கார வைக்கவும் செய்யலாம். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைப் பணம் கொடுப்பதற்கு முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஆர்சி-யில் நிறம் எங்கிருந்து வருகிறது?

புதிய கார் வாங்கும்போது ஷோரூம் 'படிவம் 21' என்ற விற்பனைச் சான்றிதழைத் தரும். அதில் சேஸிஸ் எண், இன்ஜின் எண், தயாரிப்பு மாதம், எரிபொருள் ஆகியவற்றோடு வண்டியின் நிறமும் இருக்கும். பதிவுக்காக ஆர்டிஓ-விடம் கொடுக்கும் 'படிவம் 20' விண்ணப்பத்திலும் நிறத்துக்குத் தனி இடம் உண்டு. இவற்றில் உள்ள விவரம்தான் ஆர்சி-யிலும், மத்திய அரசின் 'வாகன்' தரவுத்தளத்திலும் ஏறுகிறது.

ஆகவே ஆர்சி-யில் இருக்கும் நிறம், அந்தக் கார் ஃபேக்டரியிலிருந்து வெளியே வந்தபோது இருந்த நிறம். பின்னால் யாராவது நிறத்தை மாற்றி, அதை ஆர்டிஓ-விடம் முறையாகச் சொல்லியிருந்தால் புதிய நிறம் ஏறியிருக்கும். சொல்லவில்லை என்றால் பழைய நிறமே நிற்கும்.

உங்கள் காரை அடையாளம் காண அரசிடம் இருப்பவை சில விவரங்கள்தான்: பதிவு எண், சேஸிஸ் எண், இன்ஜின் எண், மாடல், நிறம். இவற்றில் சாலையில் போகும்போது வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரிவது பதிவு எண், மாடல், நிறம் ஆகிய மூன்றும் மட்டுமே. நம்பர் பிளேட்டை மாற்றிவிட முடியும். அதனால்தான் நிறம் ஒரு சின்ன விஷயம் போலத் தெரிந்தாலும் சின்ன விஷயம் இல்லை.

நிறம் ஏன் பொருந்தாமல் போகிறது?

எல்லா நிற வேறுபாடும் மோசடி அல்ல. பயப்பட வேண்டாத காரணத்திலிருந்து தொடங்கி, விட்டு ஓட வேண்டிய காரணம் வரை வரிசையாகப் பார்ப்போம்.

முதலாவது, பெயர்க் குழப்பம். கார் நிறுவனங்கள் 'கிரே' என்று சும்மா பெயர் வைப்பதில்லை. 'மேக்மா கிரே', 'டேட்டோனா கிரே', 'டைட்டன் கிரே' என்று விளம்பரப் பெயர்கள் வைக்கின்றன. சில கிரே வெயிலில் வெள்ளி போலவும், நிழலில் நீலம் போலவும் தெரியும். ஆர்சி-யில் இந்தப் பெயர் முழுதாகவோ, சுருக்கமாகவோ, வெறும் 'சில்வர்' என்றோ ஏறியிருக்கலாம். நிறுவனத்தின் பழைய பிரோஷரை எடுத்து, அந்த வருடத்தில் அந்த மாடலுக்கு என்னென்ன நிறங்கள் இருந்தன என்று பார்த்தால் இந்தச் சந்தேகம் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

இரண்டாவது, இரட்டை நிறம். உடல் சிவப்பு, கூரை கருப்பு என்று ஃபேக்டரியிலேயே வரும் கார்களுக்கு ஆர்சி-யில் சில நேரம் ஒரே நிறம் மட்டும் பதிவாகியிருக்கும். உடலின் நிறம் பொருந்தினால் பெரிய கவலை இல்லை. ஆனால் அந்த வேரியன்ட் உண்மையிலேயே இரட்டை நிறத்தில் விற்கப்பட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, தட்டச்சுப் பிழை. விவரங்களை ஏற்றியவர் பட்டியலில் ஒரு வரி தள்ளி கிளிக் செய்திருக்கலாம். காகித ஆவணத்திலிருந்து கணினிக்கு மாற்றப்பட்ட பழைய பதிவுகளில் இதற்கு வாய்ப்பு அதிகம். இப்படி நடந்திருந்தால் படிவம் 21-லும் ஷோரூம் இன்வாய்ஸிலும் சரியான நிறம் இருக்கும். இந்தப் பிழையைத் திருத்த முடியும்.

நான்காவது, முன்னாள் உரிமையாளரின் ஆசை. வெள்ளை அலுத்துப்போய் சிவப்பு அடித்திருப்பார், அல்லது மேட் பிளாக் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார். ஆர்டிஓ பக்கம் போகவே இல்லை. மோசடி எண்ணம் இல்லை, அலட்சியம்தான். ஆனால் அந்த அலட்சியத்துக்கான அலைச்சல் இனி உங்களுடையது.

ஐந்தாவது, விபத்து அல்லது வெள்ளம். கார் முழுதாக அடிபட்டு, டிங்கரிங் செய்து, பட்டி பார்த்து, மொத்தமாக வேறு நிறம் அடிக்கப்பட்டிருக்கலாம். இங்கே நிறத்தைவிடப் பெரிய பிரச்னை, அந்தப் பெயிண்டுக்குக் கீழே இருக்கும் இரும்பு.

ஆறாவதுதான் ஆபத்தானது. நீங்கள் பார்க்கும் கார், அந்த ஆர்சி-க்கு உரிய காரே இல்லை.

ஆறாவது காரணம் எப்படி நடக்கிறது?

விபத்திலோ வெள்ளத்திலோ ஒரு கார் முழுசாகப் போய்விட்டால், இன்சூரன்ஸ் நிறுவனம் அதை 'டோட்டல் லாஸ்' என்று அறிவித்து இழப்பீடு கொடுத்துவிடும். நசுங்கிய வண்டி ஸ்கிராப் விலைக்கு ஏலம் போகும். சட்டப்படி அந்தப் பதிவு ரத்தாக வேண்டும். ஆனால் எல்லா நேரமும் அது நடப்பதில்லை. அப்போது நசுங்கிய வண்டியின் ஆர்சி மட்டும் உயிரோடு இருக்கும்.

இந்த ஆர்சி-யை வாங்கும் கும்பல், அதே மாடல், ஏறக்குறைய அதே வருடத்துக் கார் ஒன்றை வேறு ஊரில் திருடும். திருடிய காரின் சேஸிஸ் எண்ணைத் தேய்த்து அழித்துவிட்டு, நசுங்கிய காரின் எண்ணைக் குத்தும். நம்பர் பிளேட்டையும் மாற்றிவிடும். இப்போது ஆவணத்துக்கு ஒரு கார் கிடைத்துவிட்டது. திருட்டு வாகனக் கும்பல்களைப் பிடிக்கும்போது பல மாநிலக் காவல்துறையும் திரும்பத் திரும்பச் சொல்லும் பாணி இது.

இதில் மாடலும் வருடமும் சுலபமாகக் கிடைத்துவிடும். நிறமும் பொருந்தினால்தான் கும்பலுக்கு வசதி. பொருந்தாவிட்டால் முழுசாக பெயிண்ட் அடிக்க வேண்டும். அதற்குச் செலவும் நேரமும் ஆகும், சரியாகவும் வராது. அந்த இடத்தில்தான் "பெயிண்ட் மட்டும்தான் மாத்தியிருக்கோம் சார்" என்ற கதை பிறக்கிறது.

இப்படிப்பட்ட காரை வாங்கிவிட்டால் சட்டம் உங்களுக்குப் பெரிய இரக்கம் காட்டாது. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் அடிப்படை விதி, விற்பவரிடம் இல்லாத உரிமை வாங்குபவருக்கு வராது என்பது. எட்டு லட்சம் கொடுத்து வாங்கியிருந்தாலும் கார் உண்மையான உரிமையாளருக்கோ, அவருக்கு இழப்பீடு கொடுத்த இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கோதான் போகும். விற்றவரைத் தேடிப் பிடித்துப் பணத்தைத் திரும்பக் கேட்பது உங்கள் பாடு.

அதோடு முடியவில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவு, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ அதை நேர்மையற்ற முறையில் வைத்திருந்தால் 3 ஆண்டு வரை சிறை என்கிறது. நீங்கள் நேர்மையாக வாங்கியிருந்தால் அது உங்களைத் தண்டிக்காது. ஆனால் விசாரணையில் முதல் கேள்வியே, "ஆர்சி-யில் வேற கலர் இருக்கே, நீங்க கேக்கவே இல்லையா?" என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்விக்குக் காட்ட உங்களிடம் ஏதாவது காகிதம் இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

காரின் நிறத்தை மாற்றுவது குற்றமா? இல்லை. சொல்லாமல் மாற்றுவதுதான் சிக்கல்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வாகன மாற்றங்களைப் பற்றியது. ஆர்சி-யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றுக்கு முரணாகும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது என்பது இதன் மையம். ஒப்புதலோடு செய்த மாற்றத்தை 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரியிடம் தெரிவித்து, ஆர்சி-யில் ஏற்ற வேண்டும் என்றும் அது சொல்கிறது. 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே படித்தது. உற்பத்தியாளரின் விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்ற முடியாது என்று தீர்ப்பளித்தது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அதே பிரிவின் விளக்கத்தில், 'மாற்றம்' என்றால் வாகனத்தின் அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாற்றம் என்று இருக்கிறது. பெயிண்ட் அடிப்பது கட்டமைப்பு மாற்றமா என்று ஒரு வழக்கறிஞர் உங்களுக்காக வாதாடலாம். ஆனால் நிறம் ஆர்சி-யில் பதிவாகும் விவரம் என்பதில் சந்தேகம் இல்லை. அதனால் நடைமுறையில் ஆர்டிஓ அலுவலகங்கள் நிற மாற்றத்தை அனுமதி பெற்று ஏற்ற வேண்டிய ஒன்றாகவே நடத்துகின்றன.

அபராதம்? 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182-ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். தனிப் பிரிவு இல்லாத மீறல்களுக்கான 177-வது பிரிவின் கீழ் முதல் முறை 500 ரூபாய் வரை. நிற வேறுபாட்டை எந்தப் பிரிவில் எழுதுவது என்பது சாலையில் நிற்கும் அதிகாரியைப் பொறுத்து மாறலாம்.

எந்த நிறம் வேண்டுமானாலும் அடிக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். ராணுவ வாகனங்களின் ஆலிவ் பச்சை நிறத்தை மற்ற வாகனங்களுக்கு அடிக்க மத்திய மோட்டார் வாகன விதி 121 தடை விதிக்கிறது. பழைய ஜீப்பை வாங்கி 'மிலிட்டரி லுக்' கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஸ்டிக்கர் ராப் ஒட்டினால்? கண்ணாடி போல இருக்கும் பாதுகாப்பு ஃபிலிம் நிறத்தை மாற்றுவதில்லை, பிரச்னை இல்லை. முழு வண்டியையும் வேறு நிறத்தில் மூடும் ராப் என்றால், சாலையில் நிறுத்துபவர் கண்ணுக்கு அது வேறு நிறக் கார்தான். 'பெயிண்ட் இல்ல சார், ஸ்டிக்கர்' என்று ஒவ்வொரு செக்போஸ்ட்டிலும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். ஒட்டுவதற்கு முன் ஆர்டிஓ-விடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுவிடுவது நல்லது.

மாற்றாமல் ஓட்டினால் என்ன ஆகும்?

உண்மையைச் சொன்னால், பல மாதங்களுக்கு ஒன்றுமே ஆகாது. அதுதான் இதில் உள்ள பொறி.

பல மாநிலங்களில் உரிமை மாற்றம் இப்போது ஆன்லைனிலேயே பெருமளவு முடிந்துவிடுகிறது. அதிகாரி யாரும் காரைக் கண்ணால் பார்க்காமலே உங்கள் பெயரில் ஆர்சி வரக்கூடும். "பேர் மாறிடுச்சே, அப்போ எல்லாம் சரிதானே" என்று நினைத்துவிடுவோம். ஆனால் அந்தப் பெயர் மாற்றம், கார் பரிசோதிக்கப்பட்டதற்குச் சான்று இல்லை.

கார் நேரில் பரிசோதிக்கப்படும் தருணங்கள் பின்னால் வரும். வேலை மாறி வேறு மாநிலத்துக்குப் போனால் ஒன்று. 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் கார் இருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டத்தின் 47-வது பிரிவு. என்ஓசி வாங்கி, புது மாநில ஆர்டிஓ-வில் காரை நிறுத்தும்போது மோட்டார் வாகன ஆய்வாளர் சேஸிஸ் எண்ணையும் நிறத்தையும் ஒப்பிடுவார். தனியார் கார்களுக்கு 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போதும் இதே கதை. பெங்களூருவிலிருந்து புனேவுக்கும், ஹைதராபாத்திலிருந்து சென்னைக்கும் மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு இது தூரத்துப் பிரச்னை இல்லை.

அடுத்தது இன்சூரன்ஸ். பாலிசி உங்கள் காரை அடையாளம் காண்பது முக்கியமாக பதிவு எண், சேஸிஸ் எண், இன்ஜின் எண் ஆகியவற்றை வைத்து. நிறம் மட்டும் மாறியிருப்பதைச் சொல்லி ஒரு நியாயமான விபத்துக் கோரிக்கையை முழுசாக நிராகரிப்பது சுலபமாக நிற்காது. ஆனால் சர்வேயர் வந்து ஆர்சி-யையும் காரையும் ஒப்பிடும்போது கேள்வி எழும், கோப்பு தாமதமாகும். கார் திருடுபோனால் நிலைமை இன்னும் மோசம். எஃப்ஐஆரில் 'சிவப்பு கார்' என்று எழுதுவீர்கள், 'வாகன்' பதிவில் 'வெள்ளை' என்று இருக்கும். தேடும் காவலர் எந்த நிறக் காரைத் தேடுவார்?

மூன்றாவது, பலரும் யோசிக்காத ஒன்று: போலி நம்பர் பிளேட். உங்கள் பதிவு எண்ணை யாரோ அவர்கள் காரில் மாட்டிக்கொண்டு சிக்னல் தாண்டினால் இ-சலான் உங்களுக்குத்தான் வரும். அப்போது உங்களைக் காப்பாற்றுவது கேமரா எடுத்த படம். படத்தில் இருப்பது நீலக் கார், ஆர்சி-யில் இருப்பது வெள்ளைக் கார் என்று காட்டி முறையிடலாம். ஆர்சி-யில் இருக்கும் நிறமும் நீங்கள் ஓட்டும் நிறமும் வேறு வேறாக இருந்தால் அந்த ஆதாரத்தை நீங்களே கெடுத்துக்கொள்கிறீர்கள்.

கடைசியாக, மறுவிற்பனை. நீங்கள் இந்தக் கட்டுரையைப் படிப்பதுபோல, நாளை உங்கள் காரை வாங்க வருபவரும் ஆர்சி-யைப் பார்ப்பார்.

பார்க்கும்போதே கண்டுபிடிப்பது எப்படி?

விற்பவரிடம் ஆர்சி-யின் போட்டோவை மட்டும் வாங்கி நம்ப வேண்டாம். உங்கள் முன்னால் டிஜிலாக்கரையோ எம்பரிவாகன் செயலியையோ திறந்து டிஜிட்டல் ஆர்சி-யைக் காட்டச் சொல்லுங்கள். கையில் இருக்கும் கார்டும் டிஜிட்டல் பதிவும் ஒன்றாக இருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். "ஆப் வேலை செய்யல, அப்புறம் காட்டுறேன்" என்றால், நீங்களும் அப்புறமே பணம் கொடுங்கள்.

பிறகு காருக்கு வாருங்கள். முழு பெயிண்ட் அடிப்பவர்கள் வெளியே அழகாக அடிப்பார்கள். உள்ளே அடிக்க இன்ஜினையும் இன்டீரியரையும் கழற்ற வேண்டும் என்பதால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அதனால் பார்க்க வேண்டிய இடங்கள் இவை:

- பானெட்டைத் திறந்து இன்ஜின் பகுதியின் ஓர இரும்பு என்ன நிறம் என்று பாருங்கள்.
- கதவைத் திறந்து ரப்பர் பீடிங்கை மெதுவாக இழுத்து, அதற்கு அடியில் பாருங்கள்.
- டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி, அந்தக் குழியின் நிறத்தைப் பாருங்கள்.
- பெட்ரோல் மூடியின் உட்பக்கம், கதவு கீல்களின் போல்ட் தலைகள் ஆகியவற்றில் பெயிண்ட் உரிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த இடங்களில் ஆர்சி-யில் சொன்ன நிறம் தெரிந்தால் ஒரு வகையில் நிம்மதி. ஃபேக்டரி நிறமும் பதிவு நிறமும் ஒன்று, மேலே மட்டும் மாற்றியிருக்கிறார்கள். ஆர்சி வெள்ளை என்கிறது, வெளியே சிவப்பு, பீடிங்குக்கு அடியில் நீலம் என்றால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு காவல்துறைக்குச் சொல்வதும் தவறில்லை.

வெளியேயும் சிவப்பு, உள்ளேயும் ஃபேக்டரி சிவப்பு, ஆர்சி மட்டும் வெள்ளை என்றால்? இரண்டே வாய்ப்புகள். ஒன்று, பதிவில் பிழை. மற்றொன்று, கார் மாறியிருக்கிறது. பார்க்க அப்பாவியாகத் தெரியும் இந்த நிலைதான் அதிக ஜாக்கிரதை வேண்டியது. படிவம் 21-ஐயோ அசல் இன்வாய்ஸையோ பார்க்காமல் இதில் முடிவெடுக்க வேண்டாம்.

பல கார்களில் கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ உள்ள தகட்டில், அல்லது ஸ்டிக்கரில், பெயிண்ட் குறியீடு இருக்கும். அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டரில் கேட்டால் அது எந்த நிறம் என்று சொல்லிவிடுவார்கள். சேஸிஸ் எண்ணைக் கொடுத்து சர்வீஸ் வரலாற்றையும் கேட்டுப் பாருங்கள்.

சேஸிஸ் எண் 17 எழுத்துகளும் எண்களும் கொண்டது. குத்தப்பட்ட இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். சுற்றிலும் வெல்டிங் தடம், தேய்த்த தடம், அந்த இடத்தில் மட்டும் புது பெயிண்ட் என்று எது இருந்தாலும் சந்தேகப்படலாம். தேய்த்து அழித்த எண்ணைக்கூட தடயவியல் ஆய்வகத்தில் ரசாயனம் தடவி மீட்டுவிட முடியும். குத்தும்போது ஏற்பட்ட அழுத்தம் இரும்பின் உள்ளே தங்கியிருக்கும் என்பதே காரணம். அதனால் இன்றைக்கு உங்கள் கண்ணை ஏமாற்றும் எண் நாளை ஆய்வகத்தை ஏமாற்றாது. அன்றைக்கு வண்டி உங்கள் பெயரில் இருக்கும்.

கண்ணாடிகளில் தயாரிப்பு ஆண்டைக் காட்டும் குறியீடும், சீட் பெல்ட்டின் அடி லேபிளில் தேதியும் இருக்கும். 2018 கார் என்று ஆர்சி சொல்லி, நான்கு பெல்ட்டிலும் 2021 என்று இருந்தால், அது 2018 கார் இல்லை என்று நினைக்கக் காரணம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு தயாரான கார்களில் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம். பிளேட்டில் லேசரால் பொறித்த எண்ணும், முன் கண்ணாடி ஸ்டிக்கரில் உள்ள எண்ணும் பொருந்துகிறதா பாருங்கள். அந்த ஸ்டிக்கரின் பின்னணி பெட்ரோல், சிஎன்ஜி கார்களுக்கு வெளிர் நீலம், டீசலுக்கு ஆரஞ்சு. டீசல் காரில் நீல ஸ்டிக்கர் இருந்தால் அதற்கும் ஒரு கதை கேட்க வேண்டும்.

கடைசியாக, தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன என்ஓசி சேவை. பதிவு எண், சேஸிஸ் எண், இன்ஜின் எண் கொடுத்தால் அந்த வாகனம் காவல்துறைப் பதிவில் திருடுபோனதாக இருக்கிறதா என்று தெரியும். ஆனால் எண்ணை மாற்றிக் குத்திய காரில், நீங்கள் தேடுவது நசுங்கிப்போன நல்ல காரின் எண்ணை. அது சுத்தமாகத்தான் வரும். ஆகவே இந்தச் சான்றிதழ் அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. காரையும் பார்க்க வேண்டும்.

ஆர்சி-யில் நிறத்தை மாற்றுவது எப்படி?

முதலில், யார் மாற்ற வேண்டும்? விற்பவர்தான். அவர் பெயரில் ஆர்சி இருக்கும்போதே நிறத்தைச் சரிசெய்துவிட்டு, அதன் பிறகு உங்களுக்கு மாற்றித் தர வேண்டும். "நீங்க வாங்கிட்டு மாத்திக்கோங்க" என்பதற்கு ஒப்புக்கொண்டால், அவர் செய்ததை நீங்கள் விளக்க வேண்டிவரும்.

பதிவில் பிழை என்றால், படிவம் 21, அசல் இன்வாய்ஸ் ஆகியவற்றோடு திருத்தக் கோரிக்கை கொடுக்க வேண்டும். ஆவணங்கள் தொலைந்திருந்தால் ஷோரூமில் நகல் கேட்கலாம். முதலில் பதிவு செய்த ஆர்டிஓ-வின் கோப்பிலும் இருக்கும்.

உண்மையிலேயே நிறம் மாற்றப்பட்டிருந்தால், வாகன மாற்றத்துக்கான விண்ணப்பம் கொடுக்க வேண்டும். ஆர்சி, இன்சூரன்ஸ், மாசுச் சான்றிதழ், அடையாள ஆவணம், சேஸிஸ் எண்ணின் பென்சில் பிரதி ஆகியவற்றைப் பொதுவாகக் கேட்பார்கள். கார் மீது லோன் இருந்தால் வங்கியின் ஒப்புதல் கடிதமும் தேவைப்படும். பெயிண்ட் அடித்த கடையின் ரசீது இருந்தால் சேர்த்துக் கொடுங்கள். ஆய்வாளர் காரை நேரில் பார்த்த பிறகு புது நிறம் ஏறும். கட்டணமும் படிவமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால் பரிவாகன் தளத்தில் உங்கள் ஆர்டிஓ-வைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

நீங்களே புதிதாக நிறம் மாற்ற நினைத்தால் வரிசை முக்கியம்: முதலில் அனுமதி, பிறகு பெயிண்ட், அதன் பிறகு 14 நாட்களுக்குள் ஆர்டிஓ. பெரும்பாலானோர் பெயிண்டில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். மாற்றம் ஏறியதும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் ஒரு மெயில் அனுப்பி, பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கனவே வாங்கியாச்சு, இப்போதான் தெரியுது. என்ன செய்வது?

பதற்றப்பட்டு உடனே வேறு யாரிடமாவது தள்ளிவிடப் பார்க்காதீர்கள். தெரிந்தே மறைத்து விற்றால் அடுத்த வழக்கில் ஏமாற்றியவர் நீங்கள்தான்.

மேலே சொன்ன சோதனைகளை ஒரு நல்ல மெக்கானிக்கோடு செய்யுங்கள். சேஸிஸ் எண் சுத்தம், ஃபேக்டரி நிறமும் ஆர்சி நிறமும் ஒன்று என்றால், பிரச்னை வெறும் காகிதம்தான். விற்றவரிடம் நிற மாற்றம் பற்றி எழுத்தில் ஒரு கடிதம் வாங்கி, ஆர்டிஓ-வில் சரிசெய்யுங்கள்.

பெயர் மாற்றம் இன்னும் ஆகவில்லை என்றால், அது விற்றவருக்கும் தலைவலி என்பதை அவருக்கு நினைவூட்டலாம். 2018-இல் நவீன் குமார் வழக்கில், கார் பல கை மாறியிருந்தாலும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிறப் பிரச்னையால் பெயர் மாற்றம் நின்றுபோனால், உங்கள் விபத்துக்கு அவர் பதில் சொல்ல வேண்டிவரும். இதைக் கேட்டால் பல பேருக்கு ஆர்டிஓ போக நேரம் கிடைத்துவிடும்.

கார் டீலரிடமோ ஆன்லைன் நிறுவனத்திடமோ வாங்கியிருந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கு உதவும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும், 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. 2023 ஏப்ரல் 1 முதல், பதிவான பழைய வாகனங்களை விற்கும் டீலர்களுக்கு ஆர்டிஓ அங்கீகாரச் சான்றிதழ் வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

தனிநபரிடம் வாங்கியிருந்தால் நுகர்வோர் ஆணையம் உதவாது. சொன்ன விவரத்துக்குப் பொருந்தாத பொருளை விற்றது என்று சிவில் வழக்கு, வேண்டுமென்றே மறைத்திருந்தால் ஏமாற்றுதல் புகார் என்று போக வேண்டியிருக்கும்.

சேஸிஸ் எண்ணில் சந்தேகம் வந்தால் வழி ஒன்றுதான். காரை ஓட்டுவதை நிறுத்திவிட்டு, பணம் கொடுத்த ஆதாரம், வாட்ஸ்ஆப் உரையாடல், விற்பனை ஒப்பந்தம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, ஒரு வழக்கறிஞரோடு காவல் நிலையம் போங்கள். கார் போய்விடும் வாய்ப்பு அதிகம். ஆனால் நீங்களாகவே போனதற்கும், செக்போஸ்ட்டில் பிடிபட்டதற்கும் உள்ள வித்தியாசம் வழக்கில் பெரியது.

அப்போ அந்த சிவப்புக் காரை வாங்கலாமா?

சேஸிஸ் எண் சுத்தமாக இருந்து, உள்ளே வெள்ளை தெரிந்து, முன்பு வெள்ளையாக இருந்தபோது எடுத்த போட்டோவோ பெயிண்ட் ரசீதோ விற்பவரிடம் இருந்தால், வாங்கலாம். ஆனால் டோக்கனாக ஒரு சிறு தொகைக்கு மேல் கொடுக்க வேண்டாம். "ஆர்சி-யில் நிறம் மாற்றித் தந்த பிறகே மீதித் தொகை, 30 நாட்களில் முடியாவிட்டால் டோக்கன் திரும்ப" என்று ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். காரையும் அதுவரை எடுக்க வேண்டாம்.

நேர்மையான விற்பனையாளர் இந்த நிபந்தனைக்குக் கொஞ்சம் முணுமுணுப்பார், பிறகு ஒப்புக்கொள்வார். "சார், வேற பார்ட்டி ரெடியா இருக்கு, இன்னைக்கே முடிக்கணும்" என்று அவசரப்படுத்தினால், அந்த வேறு பார்ட்டிக்கே விட்டுக்கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.